பிராஸ்டவுனில் ஒரு வாரம் தறி பழகினேன்: அனுபவமும் ஒரு சந்தேகமும்

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, வட கரோலினாவின் மேற்குக் கோடியில் மலைகளுக்கு நடுவே இருக்கும் பிராஸ்டவுன் என்ற சின்ன ஊருக்குப் போய் வந்தேன். அங்கே ஜான் சி. கேம்பல் ஃபோக் ஸ்கூல் என்று ஒரு கைத்தொழில் பள்ளி இருக்கிறது. 1925ல் தொடங்கியது. நெசவு, நூல் நூற்பது, சாயம் போடுவது, கூடை முடைவது, மரம் செதுக்குவது, கொல்லுப்பட்டறை, துடைப்பம் கட்டுவது என்று வருடம் முழுக்க வகுப்புகள் நடக்கின்றன. நான் சேர்ந்தது தறி நெசவு, ஆரம்ப வகுப்பு. எனக்கு 51 வயது. அதுவரை தறியைக் கிட்டே நின்று பார்த்ததுகூட இல்லை.

நான் இருப்பது அட்லாண்டா பக்கம். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஞாயிறு சாயங்காலம் போய் இறங்கினேன். வகுப்பில் எட்டுப் பேர், எட்டுத் தறிகள். ஆசிரியை முதலில் சொன்னது, இங்கே மதிப்பெண் கிடையாது, பரீட்சை கிடையாது, போட்டி கிடையாது என்பதுதான். நான் பள்ளி, கல்லூரி, அப்புறம் வேலை என்று எல்லா இடத்திலும் தரவரிசையிலேயே வளர்ந்தவள். அதைக் கேட்டதும் தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது.

நான் நினைத்ததற்கு நேர்மாறாக, நெசவு என்பது பெரும்பாலும் நெய்வதற்கு முந்தைய வேலைதான். ஒரு கழுத்துத் துண்டுக்குக் கம்பளி நூலில் 10 அங்குல அகலம், அங்குலத்துக்கு 12 இழை, ஆக 120 இழை. திங்கள் முழுக்கப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓட்டினோம். செவ்வாய் முழுக்க அந்த 120 இழையையும் ஒவ்வொன்றாக விழுதில் (இழையைத் தூக்கும், நடுவில் கண் உள்ள கயிறு) கோத்து, அச்சில் (சீப்பு மாதிரிப் பல் உள்ளது) இழுத்தோம். புதன் காலையில்தான் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையில் கொடுத்தார்கள்.

ஒரு சாண் நெய்த பிறகு துணியில் நீளவாட்டில் ஒரு கோடு தெரிந்தது. ஒரே ஒரு இழைதான். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் என் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேலேயே பின்னோக்கி ஓட்டினார். துணி, அச்சு, விழுது என்று விரல் போய் நின்ற இடத்தில், விழுதுகளைத் தாங்கும் சட்டங்களில் மூன்றாவது சட்டத்தில் இருக்க வேண்டிய இழை இரண்டாவதில் இருந்தது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது. அவர் ஒரு துண்டு நூலை எடுத்து, மூன்றாவது சட்டத்தில் சரியான இடத்தில் கண் வைத்து ஒரு புது விழுது கட்டினார். தப்பான இழையை வெட்டி அதில் நுழைத்து, பின்பக்கம் ஒட்டு நூலால் முடிந்து, முன்பக்கம் குண்டூசியில் சுற்றி இறுக்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் போனேன் என்று இப்போது நினைக்கிறேன். இதைக் காணொளியில் நான் கற்றிருக்க மாட்டேன். என் தப்பு, என் விரல், பக்கத்தில் ஒரு ஆள்.

இப்போது சந்தேகம். திரும்பி வந்ததும் பழைய மேசைத்தறி ஒன்று வாங்கினேன். 10 அங்குலத்தில் தொடங்கும் துணி பாதி போவதற்குள் எட்டரை அங்குலமாகக் குறுகிவிடுகிறது. ஓரத்து இழைகள் அச்சில் உரசி அறுந்தும் போகின்றன. ஊடையை, அதாவது குறுக்கு நூலை, இறுக்கி இழுக்கிறேன் என்று புரிகிறது, ஆனால் தளர்த்தினால் ஓரத்தில் வளையம் வளையமாகத் தொங்குகிறது. நெசவு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சார்லட்வாசி

அக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப நாளாகப் போக ஆசை. செலவு எவ்வளவு ஆகும்? சைவச் சாப்பாடு கிடைக்குமா? தனியாகப் பெண்கள் போய்த் தங்கலாமா?

நூல்கண்டு

தம்பியா தங்கையா தெரியவில்லை, இருவருக்கும் ஒரே பதில்தான். தாராளமாகப் போகலாம். என் வகுப்பில் எட்டில் ஐந்து பேர் தனியாக வந்த பெண்கள்.

கட்டணம் வகுப்புக்கு வகுப்பு மாறும் என்பதால் அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: வகுப்புக் கட்டணம் தனி, தங்கலும் சாப்பாடும் தனி, நூல் போன்ற பொருட்களுக்கு ஆசிரியரிடம் கொடுப்பது தனி. மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சின்னத் தொகை இல்லை. நான் ஒன்றரை வருடம் சேர்த்து வைத்துப் போனேன். உதவித்தொகை உண்டு. அங்கேயே வேலை செய்து அதற்கு ஈடாக வகுப்பு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. வார இறுதி வகுப்பு என்றால் செலவு குறையும். ஆனால் நெசவுக்கு அது போதாது, பாவு ஏற்றுவதற்குள் ஞாயிறு வந்துவிடும்.

சைவம் கிடைத்தது. பெரிய மேசையில் பாத்திரங்களை வைத்துவிடுவார்கள், ஒருவர் எடுத்து அடுத்தவரிடம் நகர்த்த வேண்டும். எதிரே கொல்லுப்பட்டறை ஆள், பக்கத்தில் துடைப்பம் கட்டுகிறவர். மூன்றாம் நாளுக்குள் எல்லாரும் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு அறையில் கூடிப் பாட்டுப் பாடுவார்கள், கதை சொல்வார்கள். "ஏருக்குப் பின்னால் பாடிக்கொண்டே போகிறேன்" என்பதுதான் பள்ளியின் வாசகம். வெள்ளிக்கிழமை எல்லா வகுப்புக்காரர்களும் செய்ததை ஒரே இடத்தில் பரப்பி வைத்தோம். இரும்புக் கொக்கிக்குப் பக்கத்தில் என் துண்டு.

கோபன்ஹேகன் குமரன்

இந்தப் பள்ளியின் வேர் நான் இருக்கும் நாட்டில் என்பதால் இரண்டு வார்த்தை. டென்மார்க்கில் குருண்ட்விக் (1783–1872) என்று ஒரு பாதிரியார், கவிஞர். உழவர் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வந்து தங்கிப் படிக்கப் பரீட்சை இல்லாத பள்ளி வேண்டும் என்றார். பாட்டும் பேச்சும் வரலாறும் கைவேலையும்தான் பாடம். 1844ல் ரோடிங் என்ற ஊரில் முதல் பள்ளி வந்தது. இன்றும் இந்த நாட்டில் சுமார் 70 பள்ளிகள் அப்படி இயங்குகின்றன, இன்றும் பரீட்சை கிடையாது.

ஜான் கேம்பல் அமெரிக்க மலைப்பகுதி மக்களின் வாழ்க்கையை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தவர். இந்தப் பள்ளி முறையை அங்கே கொண்டுவர நினைத்து, முடியாமலே 1919ல் இறந்துபோனார். அவர் மனைவி ஆலிவ் டேம் கேம்பல், தோழி மார்கரீட் பட்லருடன் 1920களின் தொடக்கத்தில் டென்மார்க்குக்கும் ஸ்காண்டிநேவியாவின் மற்ற நாடுகளுக்கும் வந்து பள்ளி பள்ளியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிராஸ்டவுனில் ஒரு கடைக்காரர் குடும்பம் நிலம் கொடுத்தது. ஊர்க்காரர்கள் உழைப்பும் மரமும் கல்லும் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பள்ளி ஆலிவ் பெயரில் இல்லாமல் கணவர் பெயரில் இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். கட்டியவர் அவர்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால், சுவீடனில் டாலர்ணா பகுதியில் சேட்டர்கிளேன்டான் என்ற கைவேலைப் பள்ளி இருக்கிறது. 1922லிருந்து நடக்கிறது. வருடக் கணக்கில் தங்கி நெசவு படிக்கிறார்கள். கோடைக் காலத்தில் குறுகிய வகுப்பும் உண்டு.

பவானிக்கரை

எல்லாரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பவானி. அம்மா 34 வருடமாக ஜமக்காளம் நெய்கிறார். குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் நாடாவைத் தள்ள, மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். அம்மாவுக்குப் பக்கத்தில் முதலில் அப்பா, அப்புறம் பள்ளி விடுமுறைகளில் நான், இப்போது பெரியம்மா. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005-06லேயே வந்துவிட்டது. கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய ரகங்கள் என்று 1985ல் போட்ட சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் அடித்ததை ஜமக்காளம் என்று விற்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் தெருவில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விடிவதற்கு முன்பே எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும். இப்போது நாலைந்து வீடுதான்.

சில வருடத்துக்கு முன் ஒரு வெளியூர்க் கல்லூரியிலிருந்து வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாள் முழுக்க அம்மா தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். கூட வந்தவர் அம்மாவைக் காட்டி அந்தப் பிள்ளைகளிடம் சொன்ன சொல் "லேபர்". அன்றைக்குக் கூலியும் போயிற்று. அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் இன்னும் மறக்கவில்லை.

நூல்கண்டு அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காசு கொடுத்து, லீவு போட்டு, தறி பழகப் போகிறார்கள் என்று சொன்னபோது முதலில் நம்பவில்லை. "யாரு சொல்லித் தராங்க?" என்று கேட்டார். தறி ஓட்டுகிறவர்கள்தான் அம்மா, அவர்களை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவங்களுக்கு ஒரு வாரத்துக்கு என்ன குடுப்பாங்க?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நூல்கண்டு

பவானிக்கரை, எழுதியதற்கு நன்றிம்மா. எழுதாமல் விட்டிருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அங்கே பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தொழிலைத் தானே செய்பவர்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வெளியிலிருந்து வந்து தங்கிக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஆசிரியைக்குச் சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னது, நெய்து விற்பதை மட்டும் வைத்து வாழ முடியாது, கற்றுக் கொடுப்பதும் சேர்ந்தால்தான் வருடம் ஓடும் என்பது. அங்கேயும் நெசவாளி நிலைமை வசதியானதில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை உங்கள் அம்மா சரியாகப் பிடித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த விஷயத்துக்கே தனியாக ஒரு விலை இருக்கிறது. நெய்த துணிக்கு வேறு விலை.

எங்கள் சித்தப்பா வீடு ஈரோட்டில். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போவேன். பவானி கூடுதுறைக்கு எத்தனை தடவை போயிருப்பேன். தறிச் சத்தம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை. ஒன்பதாயிரம் மைல் தள்ளி வந்து, அமெரிக்க மலைக்காட்டில் உட்கார்ந்து, பாவு என்ற சொல்லை நான் தேடிப் படித்தேன். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்

எனக்கு வயது 76. கோவைப் பக்கம் ஓர் ஆதாரப் பள்ளியில் படித்தவன், பிறகு வேறு பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

1937ல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் மொழியும் கற்க வேண்டும் என்பது அதன் கரு. எங்கள் பள்ளியில் தினம் ஒரு பாட வேளை நூற்பு. ஆளுக்கு ஒரு தக்ளி (கையால் சுழற்றும் நூற்புக் கதிர்), ஒரு பொட்டலம் பஞ்சுப் பட்டை. இடது கையில் பஞ்சைப் பிடித்து மேலே இழுக்க இழுக்க, வலது கை தக்ளியைத் திருகிவிட வேண்டும். பருத்தி இழை ஓர் அங்குலம் இருந்தாலே பெரிது. கொஞ்சம் வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். முறுக்கு ஏறுவதற்குள் இழுத்தாக வேண்டும். அந்தக் கணத்தை விரல்தான் கண்டுபிடிக்கும், வாத்தியார் சொல்லித் தெரியாது.

ஆனால் எங்களிடம் நூலை அளந்தார்கள். எத்தனை சிட்டம் (நூல் கற்றை) நூற்றாய் என்று கேட்டுப் பலகையில் எழுதினார்கள். குறைந்தவன் நின்றான். நானும் பலமுறை நின்றிருக்கிறேன். அதனாலேயே எங்களில் பலர் பள்ளியை விட்டதும் தக்ளியையும் விட்டார்கள். பரீட்சை இல்லாத இடத்தில் தறி பழகினேன் என்று அம்மையார் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் கழித்து ஒன்று சொல்கிறேன்: திட்டம் நல்லது, அளந்தது தவறு.

இன்னொன்று. தாகூர் சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் ஸ்ரீநிகேதனை 1922ல் தொடங்கினார். அங்கேயும் நெசவு, தோல்வேலை, மட்பாண்டம். பிராஸ்டவுன் பள்ளிக்கு மூன்று வருடம் முந்தியது. சாந்திநிகேதனில் படித்த கோ. ராமச்சந்திரனும் அவர் மனைவி டாக்டர் சௌந்தரமும் 1947ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கிராமத்தில் தங்கிக் கைத்தொழில் கற்பது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. அம்பர் ராட்டையை உருவாக்கிய ஏகாம்பரநாதனும் தமிழர்தான். அந்த அம்பர் அவர் பெயரிலிருந்து வந்தது.

கடகம்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோ. போன வருடம் இங்கே கிராமப் பக்கம் ஒரு கைவேலைப் பள்ளியில் மூன்று நாள் கூடை வகுப்புக்குப் போனனான். ஓக் மரத்தைப் பிளந்து, பட்டை பட்டையாகச் சீவி, அதில் கூடை பின்னுவது. முதல் நாள் முழுக்க மரத்தைப் பிளக்கிறதுதான் வேலை.

என்ர அம்மம்மா கடகம், அதுதான் பனையோலைப் பெட்டி, இழைப்பா. சார்வோலையைக் காயப் போட்டு, ஈர்க்கு வாங்கி, ஒரே அகலத்துக்குக் கிழித்து, முற்றத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்து இழைப்பா. வாய்க்கு மட்டை நார் வைத்துக் கட்டினால் வருடக் கணக்கில் இருக்கும். நான் பக்கத்தில் இருந்து ஓலை எடுத்துக் குடுப்பன், அவ்வளவுதான். எனக்குப் பதினொரு வயதில் நாங்கள் ஊரை விட்டு வந்திட்டம். அம்மம்மா அங்கேயே காலமாகிவிட்டா.

இரண்டாம் நாள் சீவின மரப் பட்டைகளை அடியில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, ஒன்று விட்டு ஒன்று எடுக்கத் தொடங்கினவுடன் என்ர கை தானாகப் போய்ச்சுது. ஆசிரியர் வந்து, முன்னமே செய்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். பிறகு வெளியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். நாற்பது வருடமாக என்ர கைக்குள் அது இருந்திருக்கு.

பவானிக்கரை தங்கச்சி, அம்மாவிட்ட நீங்கள் பழகினதை விட்டிடாதையுங்கோ. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்லுறன்.

சாயவேர்

புதுச்சேரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இயற்கைச் சாயம் என் தொழில். அந்த மாதிரிப் பள்ளிகளில் சாய வகுப்பு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்.

அங்கே பெரும்பாலும் கம்பளியில்தான் கற்றுக் கொடுப்பார்கள். கம்பளி விலங்கு முடி. படிகாரத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடு ஏற்றினால் படிகாரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும், அதன்மேல் சாயம் நிற்கும். அந்த மலைப்பகுதியில் கருப்பு வால்நட் காயின் மேல்தோலை ஊறவைத்துப் பழுப்பு நிறம் எடுப்பார்கள். அதற்குப் படிகாரமே வேண்டியதில்லை. கையில் பட்டால் வாரக் கணக்கில் போகாது.

அதே முறையை வீட்டுக்கு வந்து பருத்தியில் செய்தால் முதல் துவையலிலேயே வெளுத்துவிடும். நம் ஊரில் துணியை முதலில் கடுக்காய்ப் பாலில் முக்கிக் காயவைப்பது அதற்காகத்தான். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியில் ஏறும், அந்தத் துவர்ப்பைப் படிகாரம் பிடிக்கும், படிகாரத்தைச் சாயவேரின் சிவப்பு பிடிக்கும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போன சிவப்புத் துணியெல்லாம் இந்த மூன்று படியில் உருவானதுதான். அவுரி நீலம் மட்டும் தனி வழி. அதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம், புளிக்க வைத்த தொட்டி வேண்டும்.

அதனால் வகுப்பில் சேருமுன் எந்த இழையில் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பருத்தி என்று சொன்னால் கூடுதல் நாள் ஆகும், ஆனால் நமக்கு அதுதான் உதவும்.

மலைப்பாதை

நான் டென்னசியில் இருக்கிறேன், இந்த மலைப்பகுதியைச் சுற்றியவன். பவானிக்கரை கேட்டதற்குச் சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன்.

இங்கேயும் கைத்தறி ஒரு முறை செத்துப் பிழைத்தது. ஆலைத்துணி வந்ததும் மலைவீடுகளில் தறிகள் பரணுக்குப் போயின. 1890களில் ஃபிரான்சிஸ் குட்ரிச் என்ற பெண்மணி ஆஷ்வில் பக்கத்து மலைக்கு வந்தார். அண்டை வீட்டார் ஒரு பழைய கைத்தறிப் போர்வையைப் பரிசாகக் கொடுக்க, அதிலிருந்து மறுபடி நெய்ய வைத்து நகரத்தில் விற்க ஆரம்பித்தார். 1920களில் லூசி மார்கன் பென்லண்டில் அதையே செய்தார், அதுதான் பிறகு பென்லண்ட் கைத்தொழில் பள்ளியாக வளர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் எந்த வடிவம் நெய்ய வேண்டும், எந்த நிறம் விற்கும் என்று முடிவு செய்தவர்கள் வெளியிலிருந்து வந்த படித்தவர்கள். வீட்டில் உட்கார்ந்து நெய்தவர்களுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று காசு. அவர்களில் பலருடைய பெயர் எங்கேயும் இல்லை. இதை இங்குள்ள வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

பிராஸ்டவுனுக்குப் போகிறவர்கள் இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓட்டி செரோக்கி ஊருக்கும் போங்கள். 1838ல் இந்த மலையிலிருந்து பெரும்பாலான செரோக்கி மக்களைத் துரத்திவிட்டார்கள். தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1946லிருந்து அவர்களே நடத்தும் கைவினைக் கூட்டுறவு குவாலா. ஆற்றங்கரை மூங்கிலைப் பிளந்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரட்டைச் சுவராக ஒரே ஓட்டத்தில் முடையும் கூடையை அங்கே பார்க்கலாம். பிராஸ்டவுன் என்ற பெயரே, "பசுமையான இடம்" என்ற செரோக்கிப் பெயரைப் பித்தளை என்ற சொல்லோடு குழப்பி வந்தது என்பார்கள்.

சார்லட்வாசி

இத்தனை விஷயம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நூல்கண்டு அக்காவின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. துணி ஏன் குறுகுகிறது?

பவானிக்கரை

அந்தக் கேள்வியை நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் கேட்டேன். அக்கா அனுப்பிய படத்தையும் காட்டினேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், அப்படியே தருகிறேன். தார் என்று அவர் சொல்வது நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் சுற்று.

"ஊடையை நேராப் போடக்கூடாது கண்ணு. இந்த ஓரத்துல துணிய ஒட்டி இருக்கோணும், அந்த ஓரத்துக்குப் போறப்ப ஒரு விரக்கடை மேல நிக்கோணும். சாய்வா. அப்பறம் அச்ச அடிச்சா அந்தச் சாய்வு பாவுக்குள்ள எறங்கிரும், துணி சுருங்காது. ஜமக்காளத்துக்கு அகலம் ஜாஸ்தி, அதனால நாங்க நடுவுல நாலஞ்சு எடத்துல மேடு மேடா விட்டு அடிப்போம். இந்தச் சின்னத் துண்டுக்கு ஒரு சாய்வு போதும்.

ஓரத்துல வளையம் நிக்குதுன்னு நாடாவ இழுக்காத. திரும்பற எடத்துல விரல வெச்சுக்க, நூலு விரல்ல முட்டி நிக்கோணும்.

அப்பறம் அந்தப் பொண்ணோட தாரப் பாரு. படத்துல தாரு நடுவுல ஒல்லியா, ரெண்டு முனையிலயும் குண்டா இருக்குது. அப்புடிச் சுத்துனா நூலு முனையில மாட்டிக்கிட்டு வெடுக்குனு இழுக்கும். அவ இழுக்கல, தாருதான் இழுக்குது. முனைய மெலிசா, நடுவுல லேசா மேடா சுத்தச் சொல்லு. ரொம்பக் குண்டா சுத்த வேண்டாம்."

நான் எத்தனையோ வருடம் அம்மா பக்கத்தில் இருந்திருக்கிறேன். தார் சுற்றுவது சின்னப் பிள்ளையில் என் வேலை. முனையை மெலிதாகச் சுற்று என்று எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். அது ஏன் என்று நேற்றுத்தான் கேட்டேன்.

பழைய வாத்தியார்

படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சாயவேர்

பவானிக்கரை, அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் சொல்லுங்கள். எங்களிடம் சாயம் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் தறி எங்கே பழகலாம் என்று கேட்கிறார்கள். வீட்டுத் தறியிலேயே, ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஐந்து நாள். கட்டணத்தை அம்மாவே சொல்லட்டும். அதைக் குறைக்கச் சொல்லி யாராவது பேரம் பேசினால் அவர்களை அனுப்ப மாட்டேன். தறி நிற்கும் ஐந்து நாள் கூலியை முதலில் போட்டு, அதற்கு மேல் கற்றுக் கொடுப்பதற்குப் போட்டு, அப்புறம் சாப்பாட்டுச் செலவையும் போடச் சொல்லுங்கள்.

பவானிக்கரை

சாயவேர் அண்ணா, கேட்டேன். "எனக்கு என்ன சொல்லித் தரத் தெரியும், நெய்யத்தான் தெரியும்" என்றுதான் முதலில் சொன்னார். அக்காவுக்குச் சொன்னீர்களே, அதுதான் சொல்லித் தருவது என்றேன். பொங்கல் கழியட்டும், யோசிக்கிறேன் என்கிறார். பெரியம்மாவும் கூட இருந்தால் சரி என்கிறார். நான் லீவு போட்டு ஊருக்குப் போய், முதல் ஐந்து நாளும் கூடவே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நூல்கண்டு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேலைநாட்களில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம்தான் தறியில் உட்கார முடிகிறது.

பவானிக்கரை, அம்மாவிடம் சொல்லுங்கள்: தாருதான். பழைய தாரையெல்லாம் பிரித்து, முனை மெலிதாகச் சுற்றினேன். நாடா போகும் சத்தமே மாறிவிட்டது. முன்பு பாதி வழியில் ஒரு சிணுக்கம் இருக்கும், அது நெசவில் சகஜம் என்று நினைத்திருந்தேன். சாய்வு பழக நாலு நாள் ஆனது. முதலில் அதிகமாக விட்டு நடுவில் நூல் புடைத்தது, அப்புறம் கட்டை விரலை அளவாக வைத்துக்கொண்டேன். சாணுக்கு ஒரு தரம் இழுப்பைத் தளர்த்திவிட்டு அளந்தேன். 10 அங்குலத்தில் தொடங்கியது, முடிக்கும்போது ஒன்பதே முக்கால். ஓரத்தில் ஒரு இழைகூட அறவில்லை. படம் போட்டிருக்கிறேன்.

அம்மா வகுப்பு எடுப்பதாக முடிவானால் எனக்கு ஓர் இடம் வையுங்கள். அடுத்த கோடையில் ஊருக்கு வருகிறேன். முழுக் கட்டணத்தோடு.

பவானிக்கரை

படத்தைக் காட்டினேன் அக்கா. பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஓரம் நல்லாருக்கு என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். ஜமக்காளத்தில் இரண்டு மிதிதான், மாற்றி மாற்றி மிதிப்பது. உங்கள் துண்டில் சாய்கோடு சாய்கோடாகப் போகிறதே, அதற்கு எத்தனை மிதி, என்ன வரிசை, விழுதில் எப்படிக் கோக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னார். பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நூல்கண்டு

சட்டம் நாலு. முதல் இழை ஒன்றாம் சட்டத்தில், இரண்டாம் இழை இரண்டில், அடுத்தது மூன்றில், அடுத்தது நாலில், மறுபடி ஒன்றிலிருந்து. கடைசி வரை அப்படியே.

மிதிக்கும்போது இரண்டிரண்டு சட்டமாக மேலே வர வேண்டும். முதல் ஊடைக்கு 1ம் 2ம். அடுத்ததற்கு 2ம் 3ம். அடுத்து 3ம் 4ம். அடுத்து 4ம் 1ம். இப்படி நாலு ஊடை ஆனதும் திரும்ப முதலிலிருந்து. கோடு எதிர்ப்பக்கம் சாய வேண்டுமென்றால் இதே வரிசையைக் கடைசியிலிருந்து மிதிக்கச் சொல்லுங்கள். வரிசையில் ஒன்று விட்டுப் போனால் கோடு அங்கேயே உடைந்து காட்டிக்கொடுத்துவிடும், பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.

எழுதியதில் எங்கேயாவது புரியவில்லை என்றால் அம்மாவை எனக்கே நேராகக் கூப்பிடச் சொல்லுங்கள். இங்கே ராத்திரி ஒன்பது என்றால் உங்களுக்குக் காலை ஆறரை, கோடையில். தறியில் உட்காருவதற்கு முன்னால் கூப்பிட்டால் போதும்.